தளம் அடிக்கிற பாட்டு

மயிலாப்பூர்
18-1-1971

கோமளத்துக்கு,

சூடாமணி எழுதுகிறேன். தை பிறந்ததும் உன் புருஷன் மாடி கட்ட ஆரம்பித்துவிட்டான். விழுப்புரத்துக்கு, உன் அண்ணாவுக்கு, சுப்பராமனே எழுதியிருப்பான். அவன் எழுதாமல் விட்டது ஏதாவது இருக்கும் என்பதால் நானும் எழுதுகிறேன். இதை நீ தனியாகப் படி.

கார்த்திகையில் உன் மணிக்கட்டை அவன் முறித்ததற்குக் காரணம் அவனுடைய கோபம் இல்லையாம், வீட்டில் இடம் போதாததுதானாம். மூன்று அறைகளில் அவன், நீ, நான். கல்யாணம் ஆகாத அக்கா ஒருத்தி அடுத்த அறையில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தால் எவனுக்கும் தலை சூடேறுமாம். வாத்தியாரிடமும் எதிர்வீட்டு மாமாவிடமும் இதைத்தான் சொல்லி வருகிறான். "தனி போர்ஷன் ஆயிடுத்துன்னா எல்லாம் சரியாப்போயிடும்" என்கிறான். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். கல்லூரியில் இத்தனை வருஷம் சரித்திரம் சொல்லிக் கொடுத்தும், செங்கல் வைத்து ஒருவன் குணம் மாறியதாக நான் படித்ததில்லை.

மாடியில் ஒரு பெரிய அறையும் அதை ஒட்டி ஒரு சமையல் அறையும் வரப்போகின்றன. படிக்கட்டு கீழே அவன் அறைக்குள்ளிருந்து ஏறுகிறது. மேலே இருப்பவள் தெருவுக்கு வரவேண்டுமானால் அவன் கட்டிலைத் தாண்டித்தான் வரவேண்டும். மேஸ்திரி தணிகாசலம் நல்ல மனுஷன். படியை வெளியே சந்துப்பக்கம் வைத்தால் காற்று வரும் என்று சொன்னார். காற்று வேண்டாம் என்றான் உன் புருஷன். மாடிக் கதவின் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைக்கச் சொல்லித் தச்சனிடம் சொன்னதையும் நான் கேட்டேன்.

உன்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. எந்த வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கை எப்படி இருக்கிறது?

சூடாமணி


விழுப்புரம்
25-1-1971

அக்காவுக்கு நமஸ்காரம்.

கை எழுதுகிறது, பார்க்கிறீர்களே. குடம் தூக்கினால்தான் வலிக்கிறது. இங்கே குடம் தூக்காத நாள் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. அன்றைக்கு டாக்டரிடம், கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் எழுதிக்கொண்டிருந்தார். நீங்கள் நடுவில் புகுந்து, "இல்லை டாக்டர், என் தம்பி அடித்தான்" என்றீர்கள். வெளியே பெஞ்சில் நம் தெருக்காரர்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் பூக்காரி எனக்கு ஒரு முழம் கூடுதலாக அளந்தாள். அதற்காகத்தான் ஊரை விட்டு வந்தேன், அடிக்காக இல்லை. அடி எனக்குப் பழக்கம். உங்களுக்கு உண்மை பேசிப் பழக்கம், அதனால் யாருக்கு என்ன ஆகிறது என்று நீங்கள் பார்ப்பதில்லை.

இங்கே எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை நீங்கள். அண்ணா ஆபீசுக்குப் போனதும் மன்னி காப்பிப்பொடி டப்பாவைச் சுவாமி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறாள். பூட்டிவிட்டு என்னைப் பார்த்து, "எறும்பு வரது" என்கிறாள்.

தனி அறை, எனக்கென்று ஓர் அடுப்பு என்றால் கசக்குமா? அவர் மனசு மாறித்தான் கட்டுகிறார். தாழ்ப்பாள் விஷயம் தச்சன் தப்பாகப் புரிந்துகொண்டதாக இருக்கும். நீங்களும்தான் எதையும் நம்பமாட்டீர்கள். ஜன்னல் எந்தப் பக்கம் வருகிறது? கோபுரம் தெரியுமா?

கோமளம்


மயிலாப்பூர்
8-3-1971

கோமளத்துக்கு,

ஒரு விஷயம் நடந்திருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி.

சுப்பராமன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உயிருக்கு ஆபத்து இல்லை. வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. விலா எலும்பு இரண்டு போயிற்று. இனி அந்தக் கால் மடங்காது என்கிறார்கள்.

போன வாரம் மாடி அறையின் மேல்தளம் போட்டார்கள். பழைய மாதிரித் தளம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்துகொண்டு மரக்கட்டையால் நாள்முழுக்க அடிக்கிறார்கள். அடி ஒன்றுபோல விழவேண்டும் என்பதற்காகப் பாட்டு. எத்திராஜம்மா என்று ஒருத்தி முதலில் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். வீட்டுக்காரர்களைப் பற்றித் தாங்களே அடி கட்டிக் கிண்டல் செய்வார்கள், வெற்றிலைபாக்குக்குக் கொடுத்தால் புகழ்ந்து பாடுவார்கள். இது அவர்கள் வழக்கம். எனக்கும் முதலில் தெரியாது. என்னைப் பற்றி, கண்ணாடி போட்ட அம்மாவுக்குக் கண்ணாலம் எப்போ என்று பாடினார்கள். விசாரித்துவிட்டு வெற்றிலைக்குக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் என்னை மகாராணி ஆக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை அவன் மத்தியானமே ஆபீசிலிருந்து வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மேலே இப்படிப் பாடிக்கொண்டிருந்தார்கள்:

கட்டிலிட எடமுண்டு
காத்து வர வழியுண்டு
கட்டிவந்த மவராசி
கண்ணுக்குத்தான் காணலியே

அவ்வளவுதான். வெற்றிலை கேட்கிற பாட்டு. மாடவீதி முழுக்கத் தன்னைப் பற்றிப் பேசுவதை யாரோ தாளம் போட்டுப் பாடுவதாக அவன் எடுத்துக்கொண்டான். ஏணியில் அவன் ஏறின வேகத்தைப் பார்த்து நானும் பின்னால் ஏறினேன். நான் ஏணி உச்சிக்கு வருவதற்குள் எத்திராஜம்மாவின் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி அவள் மண்டையில் போட்டுவிட்டான். ஈரச் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. அதன்மேல் ரத்தம் கொட்டிற்று.

பாட்டு நின்றது. அவள் தலையை ஒரு கையால் பொத்திக்கொண்டு எழுந்தாள். கத்தவில்லை. "இன்னா நைனா, என்னைப் பாத்தா உன் ஊட்டுக்காரி மாதிரியா கீது?" என்றாள்.

அவன் மறுபடி ஓங்கினான். அது அவள் தோளில் விழுந்தது. அடுத்த அடி அவன்மேல் விழுந்தது, யாருடைய கட்டை என்று தெரியாது. பிறகு எல்லோரும் அடித்தார்கள். தாளம் தப்பாமல் அடித்தார்கள் கோமளம். தளம் அடித்துப் பழகின கைகள், வேறு மாதிரி அடிக்க அவற்றுக்கு வரவில்லை. "முட்டியப் பாத்துப் போடு, அப்பத்தான் ஏணி ஏறமாட்டான்" என்று ஒருத்தி சொன்னாள். நான் நிறுத்துங்கள் என்றேன். பிறகு சத்தமாக நிறுத்துங்கள் என்றேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்று என்னால் சொல்ல முடியாது.

தணிகாசலம் வந்துதான் விலக்கினார். சுண்ணாம்புக் கூடை ஏற்றுகிற கயிற்றில் பலகை கட்டி அவனை இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். "ஏணி வழுக்கிடுத்து" என்றான். கூலிப் பெண்கள் அடித்தார்கள் என்று அவனால் சொல்ல முடியுமா? நான் வாயைத் திறக்கவில்லை. பார், எனக்கும் உண்மை பேசாமல் இருக்க வருகிறது.

எத்திராஜம்மாவுக்கு மந்தைவெளியில் நம் டாக்டர் தையல் போட்டார். போலீஸ் வருமா என்று அந்தப் பெண்கள் பயந்துகொண்டிருந்தார்கள். வராது என்றேன். பாதியில் விட்டால் தளம் வெடித்துவிடுமாம், இன்று காலை அவளைத் தவிர மற்றவர்கள் வந்தார்கள். பாட்டு இல்லாமல் அடிக்கிறார்கள். தெருவில் தேர்தல் வண்டிகள் கத்திக்கொண்டு போகின்றன, அதையும் மீறி அந்தச் சத்தம் கேட்கிறது.

சூடாமணி


விழுப்புரம்
12-3-1971

அக்காவுக்கு,

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு சிரித்தேன். பிறகு வாந்தி எடுத்தேன்.

எல்லாம் எழுதினீர்கள், அவர் அலறினாரா என்று எழுதவில்லையே.

அண்ணாவிடம் ஏணியிலிருந்து விழுந்தார் என்றே சொன்னேன். உடனே புறப்படு என்கிறார். "ஆம்படையான் கால் ஒடிஞ்சு கிடக்கறச்சே பொறந்தாத்துல உக்காந்திருந்தா நன்னாவா இருக்கு?" என்று மன்னி கூடத்தில் நின்று சுவரிடம் சொல்கிறாள்.

நானும் யோசித்துப் பார்த்தேன். கட்டோடு படுத்திருக்கிறவர் அடிக்க முடியாது. பால் கஞ்சி கொடுத்து, கால் பிடித்துவிட்டு, அந்த நாட்களில் அவர் மனசில் இடம் பிடித்துவிட்டால் பிறகு அடிக்கத் தோன்றாமல் போகலாம் இல்லையா? இதைவிட நல்ல சமயம் எனக்கு வராது. வரட்டுமா?

கோமளம்


மயிலாப்பூர்
5-4-1971

கோமளத்துக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. முதலில் உன் கேள்வி. அலறினான். அம்மா என்றுதான் அலறினான்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. பார்த்துக்கொள்ள ஷரஃபுதீன் என்ற ஆளை அமர்த்தியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், ஒற்றை ஆளாகத் தூக்கி உட்காரவைப்பார். முதல் நாள் தன்னைத் தொடக்கூடாது என்றான். மறுநாள் அவர் வரத் தாமதம் ஆனதற்குக் கத்தினான்.

படுத்திருக்கிறவர் அடிக்க முடியாது என்று எழுதியிருந்தாய். போன வியாழக்கிழமை அவன் கட்டிலிலிருந்தபடியே தச்சனைக் கூப்பிட்டான். மாடி ஜன்னலைக் கோபுரத்தின் பக்கம் வைக்காதே, அந்த இடத்தை மேஸ்திரி சுவராக அடைத்துவிடட்டும், அவள் நின்று வேடிக்கை பார்ப்பாள் என்றான். தாழ்ப்பாளைப் பற்றியும் மறுபடி சொன்னான். தச்சன் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை கோமளம். நான் நடுவில் போய், வீட்டை அப்பா எங்கள் இருவர் பெயருக்கும் எழுதியிருக்கிறார், ஜன்னல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன். தலைமாட்டில் இருந்த வெண்கலச் செம்பை எடுத்து வீசினான். குறி தப்பவில்லை. புருவத்துக்கு மேல் ஐந்து தையல். எதைத் தூக்கினாலும் அவனால் அடிக்க முடியும். உன்னை அவன் கைக்கெட்டும் தூரத்தில் நான் பார்க்க விரும்பவில்லை.

சொல்ல வந்தது இது இல்லை. தையல் போட்டுக்கொண்டு வந்த அன்றே தணிகாசலத்தைக் கூப்பிட்டு, அவன் அறைக்குள் போட்டிருந்த படியை இடிக்கச் சொன்னேன். சுத்தியல் விழ விழ அவன் உள்ளே கத்தின கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மேஸ்திரி ஒரு தடவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அடியுங்கள் என்றேன். இப்போது படி சந்துப்பக்கம் வெளியிலிருந்து ஏறுகிறது. குறுகலான, செங்குத்தான படி. தாழ்ப்பாள் உள்ளே. வெளியே ஒன்றும் கிடையாது. ஜன்னலில் கோபுரத்தின் மேல்பாதி தெரிகிறது.

மடங்காத காலோடு அவன் அந்தப் படியில் ஏறமாட்டான். இந்த ஊரிலேயே அவன் வரமுடியாத இடம் ஒன்று உண்டென்றால் அது உனக்காக அவன் கட்டிய அறைதான். வருவதானால் அங்கே வா. அவனுக்குப் பணிவிடை செய்ய வராதே, ஷரஃபுதீன் இருக்கிறார். நீ வராவிட்டாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

விடைத்தாள் திருத்த இருபதாம் தேதி மதுரைக்குப் போகவேண்டும். மூன்று வாரம். அதற்கு முன் பதில் எழுது.

சூடாமணி


விழுப்புரம்
11-4-1971

அக்காவுக்கு,

புருஷன் கீழே, பெண்டாட்டி மேலே என்றால் ஊர் சிரிக்காதா? உங்களுக்கு ஊரைப் பற்றி எப்போது கவலை இருந்தது!

அண்ணாவிடம் உங்கள் யோசனையைச் சொல்லிப் பார்த்தேன். சொல்லியிருக்கக்கூடாது. கன்னத்தில் அறைந்தார். நாற்பது வயசுக்காரியை, மன்னி பார்க்க. அப்பாவே என்னை அடித்ததில்லை என்று சொன்னேன், இன்னொன்று விழுந்தது. என் டிரங்குப் பெட்டியை முற்றத்தில் தூக்கி எறிந்தார். பூட்டு உடைந்து துணியெல்லாம் சாக்கடை ஓரத்தில். துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், புறப்படத்தான் போகிறேன்.

நல்ல புத்தி வந்துவிட்டது, புருஷனுக்குச் சேவை செய்யப் போகிறேன் என்று இப்போது சொல்லிவிட்டேன். மன்னி சந்தோஷத்தில் எனக்கு இரண்டாம் டிகாக்ஷனில் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள்.

பதினெட்டாம் தேதி பாசஞ்சரில் வருகிறேன். எழும்பூருக்கு வாருங்கள். அக்கா, எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பார்த்தால் பாவமாக இருந்துவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

கோமளம்


மதுரை
28-4-1971

கோமளத்துக்கு,

ஒரு வரி எழுதிப் போடு என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் வரவில்லை. இங்கே இருநூறு பெண்கள் ஒரே தப்பான பதிலை எழுதியிருக்கிறார்கள், அதைப் படித்துக்கொண்டே உன் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன். ஷரஃபுதீன் ஒழுங்காக வருகிறாரா? கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறாயா? அவன் நல்லபடியாகப் பேசினால் எனக்கு உடனே எழுது. கத்தினால் கூட அவ்வளவு கவலை இல்லை.

சூடாமணி


மயிலாப்பூர்
4-5-1971

அக்காவுக்கு,

உங்கள் கார்டு வந்தபோது எழுதுகிற நிலையில் நான் இல்லை. இப்போது எழுதுகிறேன். நடந்தபடியே எழுதுகிறேன், நீங்கள் எழுதினமாதிரி.

நீங்கள் ரயில் ஏறின மறுநாள் மாடியில் பால் காய்ச்சினேன். தனியாகத்தான். பொங்கினது. ஒரு டம்ளரை ஷரஃபுதீன் கையில் கீழே கொடுத்தனுப்பினேன். உங்கள் தம்பி குடித்துவிட்டு, "கோமு காய்ச்சின பாலுக்கு இந்த ருசிதான்" என்றாராம். அதைக் கேட்டு அன்று பூரா எனக்கு வேலை ஓடவில்லை. நீங்கள் பயந்தது சரிதான்.

அதன்பிறகு தினம் நல்லபடியாகத்தான் பேசினார். ஜன்னலுக்குக் கீழே நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, கோமு கோமு என்று கூப்பிடுவார். வெயில் ஜாஸ்தியா, விசிறி இருக்கா, என்ன சமையல். கல்யாணமான புதிதில்கூட அவர் என்ன சமையல் என்று கேட்டதில்லை. நான் ஜன்னலில் நின்று பதில் சொல்ல ஆரம்பித்தேன். இதைத்தான் உங்களுக்கு உடனே எழுதியிருக்கவேண்டும். எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று எழுதவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஷரஃபுதீன் சாப்பிடப் போயிருந்தார். சந்தில் ஏதோ தேய்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். உங்கள் தம்பி படியில் பின்பக்கமாக உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாகத் தன்னை மேலே தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கட்டுப்போட்ட கால் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கைத்தடி மடியில். நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை பாருங்கள், ஒருத்தர் உட்கார்ந்துகொண்டே மாடி ஏறலாம் என்று. தாழ் போட்டேன்.

கதவுக்கு வெளியே மூச்சு வாங்கிற்று. பிறகு, "கோமு, கால் உயிர் போறது. ஒரு வாய் ஜலம் குடு. குடிச்சுட்டு இறங்கிடறேன்" என்றார்.

தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை அக்கா. டம்ளரில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்றிருந்தார். டம்ளரைப் பார்க்கவில்லை. தடியால் என் காதோடு சேர்த்து அடித்தார். "என் வீட்டுல எனக்கே தாழ்ப்பாளா" என்றார். இரண்டாவது அடி கழுத்தில். நான் கதவை மூடினேன். அவர் கை நிலையில் இருந்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் எலும்பு போட்ட சத்தம்தான்.

கையை எடுத்துக்கொள்ளட்டும் என்று கதவைத் திறந்தேன். விரல்கள் கோணிக்கொண்டு தொங்கின. அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, ரொம்ப ஆச்சரியமாகப் பார்த்தார். எடுத்துக்கொள்ள நேரம் இருந்தது. அவர் எடுப்பதற்குள் மறுபடி மூடினேன். முதல் தடவை பயத்தில் மூடினேன். இரண்டாவது தடவை எனக்குப் பயம் இல்லை.

அப்படியே உட்கார்ந்து இறங்கினார். படிக்குப் படி முனகல் கேட்டது. கடைசிப் படி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அடுப்பில் உலை வைத்தேன். கை நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஷரஃபுதீன் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மூன்று விரலுக்குக் கட்டு. இப்போது ஜன்னலுக்குக் கீழே நாற்காலி போடுவதில்லை. ராத்திரி இருமல் மட்டும் கேட்கிறது. எனக்கு இடது காது கேட்கவில்லை, டாக்டர் பார்க்கலாம் என்கிறார்.

எல்லோரும் கேட்கிறார்கள், எப்போது கீழே போகப்போகிறாய் என்று. நான் போகப்போவதில்லை. ஆனால் மேலே தனியாக இருக்கும்போது, யாராவது கதவைத் தட்டமாட்டார்களா, நான் திறந்து மூடமாட்டேனா என்று நினைப்பு ஓடுகிறது. பால்காரி தட்டினால்கூட. இந்த மனுஷியோடு ஒரே அறையில் இருக்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

திருத்தினது போதும், சீக்கிரம் வாருங்கள். வந்தால் கீழே தங்கவேண்டாம், அவர் வலது கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் புத்தக அலமாரியை மாடிக்குக் கொண்டுவரத் தணிகாசலத்திடம் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் ஓரம் உங்களுக்குப் பாய் போடுகிறேன். கதவுப்பக்கம் நான் படுத்துக்கொள்கிறேன்.

கோமளம்